ஜெட் எஞ்சினை மேசையில் வையுங்கள், பைக்கில் வைக்காதீர்கள்



நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் இப்போதே தாண்டிப் போகலாம். ஆனால் நாலு நாளாக நமதூர் வட்ஸ்அப் குழுமங்களில் அந்த வீடியோவை ஒவ்வொருவருக்கும் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு என்னைத் திட்டலாம்.

எந்த வீடியோ என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கராஜின் பின்பக்கம். பழைய லொறியிலிருந்து கழற்றிய டேர்போ. அதில் இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் பண்ணிப் பூட்டி, உள்ளே காஸைக் கொளுத்துகிறார்கள். முதலில் ஊளையிடுகிறது, பிறகு விசிலடிக்கிறது, பிறகு பின்பக்கத்தால் நெருப்பு வருகிறது. பதினொரு செக்கன். பொடியன்கள் கத்துகிற சத்தத்தோடு வீடியோ முடிகிறது. அதற்கு அடுத்த நாள் வந்தது போஸ்டர்: பெருநாள் இரண்டாம் நாள், கடற்கரை ரோட்டில், இதே எஞ்சினைப் பூட்டிய ஜெட் பைக் ஓட்டம்.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம், "இதெல்லாம் வீண் வேலை, பொலிஸுக்குச் சொல்லி அள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அந்தக் கராஜை இழுத்து மூடுங்கள்" என்கிறது. மரியாதைக்குரிய ஒரு பெரியவர் குரல் பதிவே போட்டிருக்கிறார்: உடைத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமாம். மறுபக்கம், "மாஷா அல்லாஹ், நம்மட பிள்ளைகள் விஞ்ஞானிகள்" என்று காசு சேர்க்கிறது. கட்டாரிலிருக்கும் ஒரு சகோதரர் எண்ணெய்ச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருக்கிறார்.

இரண்டு பக்கத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அந்த எஞ்சின் இருக்க வேண்டும். அந்தப் பைக் வேண்டாம்.

முதலில் உடைக்கச் சொல்பவர்களிடம் வருகிறேன், ஏனென்றால் அவர்கள் மீதுதான் எனக்கு அதிகக் கோபம்.

"கராஜில் நிற்கிற பொடியனுக்கு ஜெட் எஞ்சின் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1930களில் ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வொன் ஓஹைன் என்று ஒரு பௌதிகவியல் மாணவர் இருந்தார். ஜெட் எஞ்சின் என்ற யோசனை அவருடைய தலைக்குள் இருந்தது. ஆனால் தகரத்தை வெட்டி, வளைத்து, ஒட்டி ஒன்றைச் செய்துகாட்ட அவருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் தேடவில்லை. தன்னுடைய காரைத் திருத்துகிற கராஜுக்குப் போனார். அங்கே மெக்கானிக்காக இருந்தவர் மக்ஸ் ஹான். படத்தைப் பார்த்து, இது இப்படிச் செய்தால் இலகு, அது அப்படிச் செய்தால் மலிவு என்று சொல்லி, அந்த முதல் மாதிரியைத் தன் கையால் செய்து கொடுத்தவர் அந்தக் கராஜ்காரர். அது சரியாக ஓடவுமில்லை. பின்பக்கத்தால் நெருப்புத்தான் வந்தது. நமது பொடியன்களின் வீடியோவில் வருகிற அதே நெருப்பு.

உடனே யாரும் அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடவில்லை. அந்த மாணவரின் பேராசிரியர் போல் என்பவர், விமானம் கட்டுகிற ஹெயின்கலுக்குக் கடிதம் எழுதினார். 1936இல் ஹெயின்கல் இருவரையும் வேலைக்கு எடுத்தார், பேராசிரியரின் மாணவரையும் கராஜ்காரரையும். 1939 ஓகஸ்ட் 27ஆம் திகதி ஹெயின்கல் 178 பறந்தது. உலகத்தில் ஜெட் எஞ்சினால் பறந்த முதல் விமானம் அதுதான்.

நீங்கள் உம்ராவுக்குப் போகும்போது ஏறுகிற விமானத்தின் பரம்பரையில் ஒரு கராஜ் இருக்கிறது. நமதூரில் கராஜில் நிற்கிற பிள்ளை என்றால் சாதாரண தரத்தில் தவறிய பிள்ளை என்று மட்டும்தான் நமக்கு விளங்குகிறது. லொறி நடுரோட்டில் நின்றால் அவனுக்குத்தான் போன் எடுக்கிறோம், இரவு இரண்டு மணிக்கும். ஆனால் அவன் தன் யோசனைப்படி ஒன்றைச் செய்தால் பொலிஸுக்குப் போன் எடுக்கிறோம்.

இன்னொன்று. இந்தச் சத்தம் தாங்கவில்லை என்று குழுமத்தில் எழுதியவர்களில் மூன்று பேருடைய மகன்மார் சைலன்சர் கழற்றிய பைக்கில் தராவீஹ் நேரம் பள்ளிச் சந்தியைச் சுற்றியவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தத்துக்குள் ஒரு படிப்பும் இல்லை. ஒரு ஸ்பெனரும் ஐந்து நிமிடமும் போதும் அதற்கு. இந்த எஞ்சினை ஓட்டவைக்க அந்தப் பொடியன்கள் நான்கு மாதம் மினக்கெட்டிருக்கிறார்கள். எண்ணெய் அழுத்தம் இல்லாவிட்டால் டேர்போவின் பெயாரிங் சில செக்கனில் எரிந்துவிடும் என்று கண்டுபிடித்து, வேறு வண்டியொன்றின் எண்ணெய்ப் பம்பைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். குழாயில் எத்தனை ஓட்டை, எந்த இடத்தில் துளைத்தால் நெருப்பு அணையாமல் உள்ளேயே நிற்கும் என்று மூன்று குழாயைப் பழுதாக்கிப் படித்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை அவர்கள் பரீட்சைக்கு எழுதிய விதத்துக்கு நான் கொடுத்த புள்ளியைச் சொன்னால் சிரிப்பீர்கள். இன்றைக்கு அந்த விதியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் நமதூரில் அவர்கள்தான். அதே விதியை மூன்று வரியில் பிழையில்லாமல் எழுதி ஏ எடுத்த பிள்ளைகளிடம் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரைக் கொடுத்துப் பாருங்கள்.

(ஆய்வுகூட அலுமாரியில் பொலித்தீன் உறை கூடப் பிரிக்காமல் உபகரணங்கள் இருக்கிற பாடசாலை ஒன்றை எனக்குத் தெரியும். தொட்டால் உடைந்துவிடும், உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்று சாவி அதிபரின் மேசைக்குள் இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.)

ஆகவே உடைக்கச் சொல்லும் பெரியவர்களே, உடைக்க விடமாட்டேன். முடிந்தது.

இனி கைதட்டுபவர்கள்.

உங்கள் போஸ்டரில் அப்பாஸ் இப்னு பிர்னாஸின் படம் போட்டு "அவருடைய வாரிசுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் குர்துபாவில் அவர் பறந்த கதையை நமக்கு எழுதி வைத்தவர் பல நூற்றாண்டு கழித்து வந்த அல்மக்கரி. அந்தக் கதையின் பாதியை மட்டும் எடுத்துப் போஸ்டர் அடித்துவிட்டீர்கள். மற்றப் பாதியில் அவர் இறங்கும்போது முதுகில் அடிபடுகிறது. பறவை இறங்குவதற்கு வாலைப் பயன்படுத்துகிறது, இவர் வால் வைக்கவில்லை என்று அதே கதை காரணமும் சொல்கிறது. கிளம்புவதைப் பற்றி யோசித்தவர் நிற்பதைப் பற்றி யோசிக்கவில்லை. உங்கள் ஜெட் பைக்கில் வால் எங்கே என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. தரம் 10 கணக்குத்தான், பயப்பட வேண்டாம்.

ஜேர்மனியில் ஜெட்கெட் என்ற கம்பனி மாதிரி விமானங்களுக்கென்று சின்ன டேர்பைன் எஞ்சின்கள் செய்கிறது. பி200 என்று ஒரு ரகம். இரண்டரைக் கிலோ அளவு எடை. ஒரு கையில் தூக்கலாம். தள்ளுவிசை ஏறக்குறைய 230 நியூட்டன், அதாவது 23 கிலோவை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிற விசை. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 0.73 லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கும். இது தொழிற்சாலையில் செய்த, கணினி கட்டுப்படுத்துகிற, உலகத்தில் நல்ல பெயர் எடுத்த எஞ்சின். கராஜில் டேர்போவால் செய்கிற எஞ்சின் பெரும்பாலும் இதைவிட அதிகம் குடித்துவிட்டு இதைவிடக் குறைவாகத் தள்ளும். பரவாயில்லை, நமது பொடியன்கள் ஜேர்மன்காரனுக்குச் சமமாகச் செய்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

வலு என்பது விசையை வேகத்தால் பெருக்குவது. பைக் மணிக்கு 36 கிலோமீற்றரில் போனால் செக்கனுக்கு 10 மீற்றர். 230ஐ 10ஆல் பெருக்கினால் 2300 வாற்று. மூன்று குதிரைவலு. மணிக்கு 72 கிலோமீற்றரில் போனால் 4600 வாற்று, ஆறு குதிரைவலு சொச்சம். உங்கள் வீட்டு ராத்தாமார் டியூஷனுக்குப் பிள்ளையை ஏற்றிப் போகிற 110 சீசீ ஸ்கூட்டிக்கு ஏழெட்டுக் குதிரைவலு இருக்கிறது. ஆக, இவ்வளவு சத்தமும் நெருப்பும் போட்டு, ஸ்கூட்டியிடம் தோற்கிற ஒரு பைக்.

எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 44 லீற்றர் வருகிறது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் போனால் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் சொச்சம்தான் ஓடும். 2022இல் கியூஆர் கோட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றது மறந்திருக்காது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் தந்தார்கள். அந்த ஒரு வாரக் கோட்டாவை இந்த எஞ்சின் ஐந்தரை நிமிடத்தில் குடித்துவிடும். கட்டார் சகோதரரே, செலவு என்னுடையது என்று எழுதும்போது இந்தக் கணக்கைப் பார்த்தீர்களா?

ஏன் இப்படி? எஞ்சின் மோசம் என்பதால் இல்லை. இடம் பிழை என்பதால். களப்பில் தோணி விடுகிறவர் என்ன செய்கிறார்? கம்பைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறார். தோணிக்குள் கல்லை நிரப்பி, ஒவ்வொன்றாகப் பின்னால் வீசியெறிந்தாலும் தோணி முன்னால் போகும்தான். ஆனால் அவருடைய பலமெல்லாம் கல்லோடு போய்விடும், தோணிக்கு வராது. பைக்கின் சில்லு தரையில் ஊன்றுகிற கம்பு. ஜெட் என்பது கல் எறிவது. பின்னால் செக்கனுக்கு 500 மீற்றர் வேகத்தில் காற்றை எறிந்துவிட்டு, பைக் செக்கனுக்கு 20 மீற்றரில் போகிறதென்றால், அந்தத் தாரையின் சக்தியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடப் பைக்குக்கு வராது. மற்றதெல்லாம் பின்னால் நிற்பவனின் முகத்துக்கும் காதுக்கும் போகிறது. வானத்தில் ஊன்றத் தரை இல்லை, அதனால் விமானத்துக்கு ஜெட் வேண்டும். விமானம் போகிற வேகமும் அதற்குப் பொருந்துகிறது. ரோட்டில் தரை இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதியதும் யாராவது கொமெண்டில் அந்த அமெரிக்க பைக்கைக் கொண்டுவருவீர்கள். லுயிசியானாவில் மரீன் டேர்பைன் டெக்னோலஜிஸ் என்ற கம்பனி 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு விட்ட வைடூகே. ஹெலிகொப்டருக்குப் போடுகிற ரோல்ஸ் ரொய்ஸ் எலிசன் 250 டேர்பைன், 300 குதிரைவலுவுக்கு மேல். கின்னஸ் புத்தகத்திலும் வந்தது. உண்மை. ஆனால் அந்த வண்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டேர்பைன் சுற்றுகிறது, கியர் பெட்டி அதன் வேகத்தைக் குறைக்கிறது, செயின் பின் சில்லைச் சுழற்றுகிறது. அது கம்பு ஊன்றுகிற வண்டி. காற்றை எறிந்து ஓடுவதில்லை. அப்படியிருந்தும் சூட்டுக்கு வழியில்லை. அதை வாங்கிய டிவி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜே லெனோ, சிக்னலில் நிற்கும்போது பின்னால் நின்ற காரின் பம்பர் உருகிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். கடற்கரை ரோட்டில் பெருநாள் இரண்டாம் நாள் பின்னால் நிற்கப் போவது காரின் பம்பரா? ஐஸ்கிரீம் வாங்க நிற்கிற பிள்ளைகளின் கால்கள்.

இனிச் சிரிக்க முடியாத பகுதி.

டேர்போவின் உள்ளே இருக்கிற சில்லு உள்ளங்கையளவு. 66 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒன்றை எடுப்போம், வீட்டில் ஜெட் எஞ்சின் செய்கிறவர்கள் உலகமெங்கும் விரும்பிப் பாவிக்கிற அளவு அது. நிமிடத்துக்கு 110,000 முறை சுற்றினால் அதன் விளிம்பு செக்கனுக்கு 380 மீற்றரில் ஓடுகிறது. ஒலியின் வேகம் 340. ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டலிலிருந்து வெளியேறும் சன்னமும் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் போகிறது. நமதூர் ஆட்களுக்குச் சன்னம் என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. லொறி டேர்போவின் சில்லு இன்னும் பெரியது, சுற்று குறைவாக இருக்கும், ஆனால் விளிம்பின் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தச் சில்லு வெடித்தால் துண்டுகள் முன்னாலோ பின்னாலோ போவது குறைவு. பக்கவாட்டில், சில்லு சுற்றுகிற அதே தளத்தில்தான் பறக்கும். பைக்கில் எஞ்சினை நீளவாக்கில் பூட்டினால் அந்தத் தளத்தில் யார்? ரோட்டின் இரண்டு கரையிலும் வேடிக்கை பார்க்கிறவர்கள். சீட்டுக்குக் கீழே பூட்டினால் ஓட்டுகிறவன்.

எப்போது வெடிக்கும்? லொறியில் இருந்தபோது அந்த டேர்போவுக்குக் கடிவாளம் இருந்தது. எஞ்சினிலிருந்து வருகிற புகை எவ்வளவோ அவ்வளவுதான் சுற்றும். இப்போது கடிவாளம் ஒரு பொடியனின் கையிலிருக்கிற வால்வு. ஜெட்கெட் எஞ்சினுக்குள் சுற்றை எண்ணுகிற சென்சரும், புகையின் சூட்டை அளக்கிற சென்சரும் இருக்கின்றன. எல்லை தாண்டினால் கணினி எண்ணெயை நிறுத்திவிடும். நமது கராஜில் சுற்றை எண்ணுவது காதால். சூட்டை அளப்பது குழாய் சிவக்கிற நிறத்தால். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வால்வை மூடினால் நின்றுவிடும் என்கிறீர்கள். பிராங்க் விட்டில் இங்கிலாந்தில் ஜெட் எஞ்சினைக் கண்டுபிடித்தவர். விமானப்படையில் தொழில் பயிலுநராகச் சேரப் போனபோது உடம்பு சிறிது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர். 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் அதைப் புதுப்பிக்க ஐந்து பவுண் கட்ட வேண்டியிருந்தது, அரசாங்கம் கட்ட மறுத்தது, காப்புரிமை கைவிட்டுப் போனது. (உடைக்கச் சொல்லும் பெரியவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.) 1937 ஏப்ரல் 12, ரக்பி நகரத்துத் தொழிற்சாலையில் அவருடைய எஞ்சின் முதல் தடவை ஓடியது. ஓடத் தொடங்கியதும் தன்பாட்டில் வேகம் ஏறியது. விட்டில் வால்வை மூடினார். வேகம் குறையவில்லை, இன்னும் ஏறியது. சுற்றி நின்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு பார்த்தால், முன்கூட்டியே கசிந்த எண்ணெய் எஞ்சினுக்குள் குளமாகத் தேங்கியிருந்தது. அது எரிந்து முடியும்வரை எந்த வால்வையும் எஞ்சின் மதிக்கவில்லை.

நமது வீடியோவை நூறு பேர் பார்த்தீர்கள். எட்டாவது செக்கனில் குழாயின் மூட்டிலிருந்து ஒரு சொட்டு ஒழுகுவதைப் பார்த்தீர்களா? மீண்டும் பாருங்கள்.

ரக்பியில் அந்த எஞ்சின் சோதனைத் தாங்கியில் இருந்தது. அதனால் ஓடியவர்கள் உயிரோடு திரும்பி வந்தார்கள். அதே எஞ்சின் ஒரு பைக்கில், மேலே 19 வயதுப் பிள்ளை ஒருவனோடு இருந்திருந்தால் எங்கே ஓடுவது? விட்டிலின் எஞ்சின் தாங்கியில் ஓடியது 1937இல். ஆகாயத்தில் ஏறியது 1941 மே 15. நடுவில் நான்கு வருடம், அதுவும் ஹிட்லர் தலைக்கு மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த அவசரத்தில். நீங்கள் தாங்கியில் பதினொரு செக்கன் ஓட்டிவிட்டுப் போஸ்டர் அடித்துவிட்டீர்கள்.

வெள்ளைக்காரன் செய்கிறானே என்கிறீர்கள். செய்கிறான். எப்படிச் செய்கிறான், என்ன விலை கொடுக்கிறான் என்பதையும் பாருங்கள். 2006 செப்டெம்பர் 20, டிவி நிகழ்ச்சியொன்றுக்காக ரிச்சர்ட் ஹம்மண்ட் ஜெட் கார் ஒன்றை ஓட்டினார். விமான ஓடுபாதை, தீயணைப்பு, அம்புலன்ஸ், எல்லாம் தயார். மணிக்கு 460 கிலோமீற்றரில் முன்சில்லு ஒன்றின் டயர் வெடித்தது. மூளையில் காயம், உயிர் தப்பியது. ஜெஸ்ஸி கோம்ப்ஸ் என்ற பெண் 2019 ஓகஸ்டில் ஒரேகன் பாலைவனத்தில் ஜெட் காரில் சாதனை முயற்சியில் மரணித்தார். அங்கே சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் தரை. 2022 ஜூலை 2, மிச்சிகனில் ஒரு விமானக் கண்காட்சியில், மூன்று ஜெட் எஞ்சின் பூட்டிய லொறியை ஓட்டிய கிறிஸ் டார்னல், மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அதுதான் அவருடைய தொழில். குடும்பமே அந்தத் தொழிலில் இருந்தது. ஓடுபாதையில், பயிற்சியோடு, காப்புறுதியோடு. டுபாயில் முதுகில் ஜெட் சிறகு கட்டிப் பறந்ததைப் பார்த்துக் கைதட்டினோமே, அந்தக் குழுவில் இருந்த வின்ஸ் ரெபே 2020 நவம்பரில் பயிற்சியின்போது மரணித்தார்.

நமது கடற்கரை ரோட்டில் ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கடைகள். நடுவில் மாடு. ஜெட் எஞ்சின் காற்றை மட்டும் உறிஞ்சாது, வாய்க்கு முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் உறிஞ்சும். காற்றடிக்கிற நேரம் பறக்கிற மணல், சொப்பின் பை, பெருநாள் பலூன் துண்டு. சாதாரண பைக்கில் எக்ஸிலேற்றரை விட்டால் அந்தக் கணமே இழுவை குறைகிறது, எஞ்சினே பிரேக் பிடிக்கிறது. இதில் வால்வைக் குறைத்த பிறகும் சில்லு ஓய்கிறவரை தள்ளிக்கொண்டுதான் இருக்கும். 110 சீசீ பைக்கின் பிரேக் அதற்குச் செய்யப்பட்டதில்லை. பதிவுப் புத்தகத்தில் இல்லாத எஞ்சினைப் பூட்டி ரோட்டில் ஏற்றினால் காப்புறுதி ஒரு சதம் தரும் என்று கனவும் காண வேண்டாம். அன்றைக்கு ஒன்று நடந்தால் போஸ்டரில் பெயர் போட்ட அனுசரணையாளர்கள் யாரும் ஜனாஸாவில் முன்வரிசையில் நிற்க மாட்டீர்கள். அந்த வாப்பாவுக்கு நான்தான் முகம் கொடுக்க வேண்டும். அவரும் என்னிடம் படித்தவர்.

மகன்மார், இது உங்களுக்கு. கோபிக்க வேண்டாம். பைக்கில் பூட்டாதே என்று சொன்னதும் உங்களுக்குக் காற்றுப் போன மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேசையில் ஓடுகிற எஞ்சினுக்கு டிக்டொக்கில் லைக் விழாது. ஆனால் இந்த வேலையில் உலகம் மதிக்கிறவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். ஜேர்மனியில் குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் 1980களின் கடைசியில், வீட்டில் ஒருவர் தன் கையால் ஜெட் எஞ்சின் செய்யலாம் என்று காட்டினார். கொம்பிரசர் சில்லை எதில் செய்தார் தெரியுமா? ஒட்டுப்பலகையில். அது பிரிந்து பறக்காமல் சுற்றிவரக் காபன் நூல் கட்டினார். டேர்பைன் சில்லை இரும்புத் தகட்டை வெட்டி, முறுக்கிச் செய்தார். பிறகு எல்லா அளவையும் எழுதிப் புத்தகமாகப் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் டேர்போவின் சில்லையும், முகாமில் சமைக்கிற காஸ் டின்னையும் வைத்து இன்னும் நல்ல எஞ்சின் செய்தார்கள். இன்றைக்குக் கடையில் விற்கிற சின்ன ஜெட் எஞ்சின்களுக்கு இவர்கள்தான் வழி திறந்தவர்கள். அவர்கள் எல்லோரும் மேசையில் தொடங்கியவர்கள். மேசையிலிருந்து இறக்கியபோதும் மாதிரி விமானத்தில்தான் ஏற்றினார்கள், அதில் ஆள் இல்லை.

கொலின் பேர்ஸ் சைக்கிளில் ஜெட் பூட்டி ஓட்டினாரே என்று உங்களில் ஒருவன் நேற்றுக் கேட்டான். அவர் குழாய்ப் பொருத்துநராக வேலை செய்தவர், வெல்டிங் அவருக்குச் சோறு சாப்பிடுகிற மாதிரி. அவர் பூட்டியது பல்ஸ்ஜெட், அதற்குள் சுற்றுகிற சில்லே இல்லை, வெடித்துப் பறக்க. இரண்டாம் உலகப் போரில் லண்டனுக்கு மேல் ஜேர்மன்காரன் அனுப்பிய வீ-1 குண்டின் எஞ்சின் வகை அது. உங்களுடையது அதுவல்ல. ஒரு எஞ்சினின் வீடியோவைப் பார்த்து இன்னொரு எஞ்சினுக்குத் தைரியம் எடுக்காதீர்கள்.

அல்ஜஸரி 1206இல் தன் பொறிகளைப் பற்றிய நூலை முடித்தார். அவரைப் பெருமை பேசுகிற நாம் அந்த நூலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொறிக்கும் படம், அளவு, எந்தப் பாகத்தை எப்படி வார்ப்பது, எதன் பிறகு எதைப் பூட்டுவது. வேறொரு கைவினைஞன் வாசித்து மீண்டும் செய்யக்கூடியதாக எழுதியிருக்கிறார். உங்கள் நான்கு மாத வேலையில் எழுதிவைத்தது எத்தனை பக்கம்? குழாயில் எத்தனை ஓட்டை என்று நான் கேட்டபோது ஒருவன் 48 என்றான், மற்றவன் 60 என்றான். போஸ்டருக்கு முன்னால் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கராஜுக்கு வருகிறேன். கராஜ் சொந்தக்காரக் காக்காவிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம். தரையில் கொங்கிறீட்டில் புதைத்த இரும்பு மேசை ஒன்று செய்வோம். எஞ்சின் முன்னும் பின்னும் நகரக்கூடிய தட்டில் இருக்கும், தட்டைத் தராசு இழுத்துப் பிடிக்கும், அப்போது எத்தனை கிலோ தள்ளுகிறது என்று கண்ணால் காணலாம். சில்லு சுற்றுகிற தளத்தில் இரண்டு பக்கமும் தடித்த இரும்புத் தகடும் மணல் மூட்டையும். எண்ணெயை நிறுத்துகிற வால்வு சுவருக்கு அந்தப்பக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் உள்ளே எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று வடித்துப் பார்க்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்தவர்கள் கராஜ் வாசலுக்கு இந்தப்பக்கம் வரக்கூடாது, என் மகன் உட்பட.

தேவைப்படுவது: தொங்கவிடுகிற டிஜிட்டல் தராசு ஒன்று, 50 கிலோ வரை காட்டினால் போதும், மீன் வாடியில் யாரிடமாவது பழையது இருக்கும். ஆயிரம் பாகை வரை அளக்கிற தேர்மோகப்பிள் ஒன்று, கொழும்புக்குப் போகிறவர்கள் பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள். சுற்று எண்ணுகிற கருவி ஒன்று. காபனீரொட்சைட்டு தீயணைப்பான் இரண்டு. காதுக்குப் போடுகிற மூடி ஆறு. கட்டார் சகோதரரே, எண்ணெய்ச் செலவுக்கு வைத்த காசில் இதெல்லாம் அடங்கும், மிச்சமும் வரும்.

குரல் பதிவு போட்ட பெரியவரே, உங்கள் அரிசி ஆலைக்குப் பின்னால் அரை இஞ்சித் தடிப்பில் இரண்டு இரும்புத் தகடு கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருங்கள். வியாழக்கிழமை லேண்ட்மாஸ்டர் அனுப்புகிறேன்.

கொமெண்டில் சண்டை பிடிக்க வேண்டாம். பொருள் தருகிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.